திறந்து பார்க்கப்பட்ட லாக்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான். சக்கரத்தைக் கண்டுபிடித்தான். அப்புறம் ரொம்ப காலம் சும்மா கிடந்துவிட்டு, போன கார்த்திகையில் நெட்டியவயலில் ஒரு விசாரணைக் குழு அமைத்தான். மூன்றில் எது பெரிசு என்று கேட்டால் யோசிக்காமல் மூன்றாவதைச் சொல்லிவிடலாம். முதல் இரண்டையும் கண்டுபிடித்தவர்களுக்கு மினிட் புக் எழுதத் தெரியாது.

நெட்டியவயல் ஆவுடையார்கோவிலுக்குக் கிழக்கே கிடக்கிறது. பஸ் ஒரு நாளைக்கு இரண்டு தடவை வருவதாகப் போர்டில் எழுதியிருக்கும். அப்பேர்ப்பட்ட ஊருக்கு, வானத்தில் இருந்து பயிருக்கு மருந்தடிக்கும் ட்ரோன் ஒன்றை 'நவீன உழவர் ஊக்க மையம்' கொண்டுவந்து இறக்கியது. மையத்தின் அலுவலர் கோபிநாத் அதை ஒரு நாளும் ட்ரோன் என்று சொன்னதில்லை. 'வேளாண் வானூர்தி' என்பார். ஆறு கை, வயிற்றில் பத்து லிட்டர் மருந்துத் தொட்டி, முதுகில் பேட்டரி, உச்சியில் சாண் உயரத்துக்கு ஒரு கொம்பு. ஓட்டுவதற்கு மணமேல்குடியில் இருந்து கார்த்திகா என்கிற பெண்ணை வேலைக்கு வைத்திருந்தார்கள். முறையாகப் படித்து, பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கியவள். மையத்தில் அதை ஒரு குறையாக யாரும் வெளியே சொல்லவில்லை. மனசுக்குள் வைத்துக்கொண்டார்கள்.

தொடக்க விழா நாள் வந்தது. மறுநாள் மார்கழி பிறக்கிறது. பிறந்துவிட்டால் ஒரு மாசத்துக்கு எதையும் தொடங்க முடியாது. அன்றைக்கும் நல்ல நேரம் பதினொரு மணியோடு முடிகிறது. விஞ்ஞானம் என்றால் இப்படி நேரம் பார்த்துத்தான் நடக்க வேண்டும்.

கார்த்திகா வானூர்தியைக் களத்தின் நடுவில் வைத்தாள். தூக்கி நாலு பக்கமும் திருப்பித் திருப்பி அதற்குத் திசை காட்டினாள். "ரெடி சார்" என்றாள். சார் ரெடி இல்லை. பூசை பாக்கி இருந்தது. ஆறு கைக்கும் சந்தனம், குங்குமம். காலுக்கடியில் எலுமிச்சம்பழம். மாலை போட ஒரு கழுத்து வேண்டுமே என்று தேடினார்கள். உடம்பு பூராவும் தேடியதில் கழுத்து மாதிரி தெரிந்தது உச்சியில் இருந்த அந்தக் கொம்புதான். மாலை அதில் விழுந்தது. கண் பட்டுவிடக் கூடாதென்று படிகாரம், பச்சை மிளகாய், இரும்பு லாடம் மூன்றையும் கறுப்புக் கயிற்றில் கோத்து, கோபிநாத்தே தன் கையால் அதே கொம்பில் கட்டினார். விழாவுக்கு வந்திருந்த பெரிய அதிகாரி கைதட்டினார். அவர் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள்.

பறந்தது. பறக்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒரு பனை உயரம் ஜம்மென்று ஏறியது. அங்கே போய், நேராகப் போக வேண்டியது செக்குமாடு மாதிரி சுற்ற ஆரம்பித்தது. ஒரு சுற்று. அதைவிடப் பெரிய சுற்று. அதைவிடவும் பெரிசாக இன்னொன்று. ஐந்தாவது சுற்றில் ஆண்டிச்சாமியின் வயலுக்கு மேல் வந்து ஒருச்சாய்ந்து, வரப்பில் தலைகுப்புற விழுந்தது.

ஆண்டிச்சாமிக்கு அறுபத்தெட்டு வயசு, ரெண்டாம் வகுப்புப் படிப்பு, ஒன்றேகால் ஏக்கர் நிலம். கையெழுத்துப் போடத் தெரியும். எழுத்துக் கூட்டிப் படிக்க முடியும், ஆனால் பொழுது போய்விடும். வானூர்தி விழுந்த நேரத்தில் அவர் செய்துகொண்டிருந்த குற்றம், தன் வயலில் நின்றது. பால் பிடிக்கிற கதிரை மயில் கூட்டம் உருவிக்கொண்டு போகிறது. மயிலை அடித்தால் கேஸ். ஆகவே மயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் காற்றை இருபது வருஷமாகக் கவணால் அடித்துவருகிறார். அன்றைக்கும் கையில் கவண் இருந்தது.

கோபிநாத் மூச்சிரைக்க ஓடி வந்தார். வரப்பில் வானூர்தி. பத்தடி தள்ளி ஒரு கிழவர். கிழவர் கையில் கவண். ஒரு அறிவாளிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

"யோவ், அது அரசாங்கச் சொத்துய்யா."

ஆண்டிச்சாமி விழுந்து கிடந்ததைப் பார்த்தார். மிதிபட்ட கதிரைப் பார்த்தார். "அப்ப அது ஏன் எஞ் சொத்துல வந்து விழுகுது?" என்றார்.

குற்றவாளி கிடைத்துவிட்டபடியால், காரணத்தைக் கண்டுபிடிக்க அன்றைக்கே குழு அமைக்கப்பட்டது. இதுதான் சரியான வரிசை. முதலில் காரணத்தைத் தேடப் போனால் குற்றவாளி யாராவது வேண்டியவராகப் போய்விடும் ஆபத்து உண்டு. குழுவின் பெயர் 'விபத்துக் காரணம் கண்டறியும் உயர்மட்டக் குழு'. தலைவர் கோபிநாத். உறுப்பினர், செயலர் இரண்டும் மையத்தின் எழுத்தர் வசந்தகுமார். கூட்டம் மாடியில் நடந்ததால் உயர்மட்டம். கார்த்திகாவைக் குழுவில் சேர்க்கவில்லை. விஷயம் தெரிந்த ஆள் உள்ளே இருந்தால் நடுநிலைமை கெட்டுப்போகும். அவளை ஒரு வாரம் லீவில் போகச் சொன்னார்கள்.

முதல் கூட்டத்திலேயே ஆண்டிச்சாமி மேல் போலீஸுக்குப் புகார் எழுதியாகிவிட்டது. அரசாங்கச் சொத்தைக் கவண்கல்லால் அடித்து வீழ்த்தினார் என்று. கவருக்குள் போட்டு ஒட்டப் போகிற சமயத்தில் மேலிடத்தில் இருந்து ஒரு கடிதம் வந்தது.

'விபத்துக்குள்ளான ட்ரோனின் லாக்கை உடனடியாகத் திறந்து பார்த்து, அதில் உள்ள விவரங்களை அறிக்கையுடன் இணைத்து அனுப்பவும். லாக் இணைக்கப்படாமல் எந்தப் புகாரும் காவல் நிலையத்துக்குச் செல்லக் கூடாது.'

குழு அதை மூன்று தடவை வாசித்தது. வசந்தகுமார் கீழே இறங்கிப் போய், மூலையில் போட்டிருந்த வானூர்தியைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். படுத்துப் பார்த்தார். மேலே ஏறி வந்தார்.

"சார், லாக் இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"சாவி போடுற ஓட்டையே இல்ல சார்."

கோபிநாத் நாற்காலியில் சாய்ந்தார். அவருடைய இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் அந்த இடத்தில் பேசியது. "அப்ப, கழட்டிட்டான்" என்றார்.

மினிட் புக்கில் ஏறியது: 'ட்ரோனில் லாக் காணப்படவில்லை. விழுந்த இடத்தில் முதலில் இருந்த நபர் திரு. ஆண்டிச்சாமி.' ஆக அடித்தது ஒன்று, திருடியது ஒன்று. கிழவர் வீட்டை விட்டு வெளியே வராமலேயே இரண்டாவது குற்றத்தையும் செய்துமுடித்தார்.

குழு அவசரப்படவில்லை. அறந்தாங்கியில் இருந்து பூட்டு ரிப்பேர் செய்யும் அய்யப்பனை 'தொழில்நுட்ப வல்லுநர்' என்று வரவழைத்தார்கள். அவர் சாவிக் கொத்தோடு வந்து, வானூர்தியைத் தட்டிப் பார்த்து, இதில் எந்தக் காலத்திலும் பூட்டு இருந்த மாதிரித் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மொத்தக் கோப்பிலும் உண்மையான வரி அது ஒன்றுதான். அதனால் அதைக் கடைசிப் பக்கத்தில் வைத்துத் தைத்தார்கள்.

ஆண்டிச்சாமிக்கு நோட்டீஸ் போனது. 'லாக் தொடர்பாக வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் ஆஜராகவும்.' டீக்கடையில் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே லாக், லாக்கப்.

வீட்டுக்கு வந்து பெண்டாட்டி பொன்னுத்தாயிடம் சொன்னார். அந்த அம்மா அழவில்லை. எத்தனை நாளைக்கு என்று கேட்டது. நோட்டீஸில் அது போடவில்லை என்றார். "அப்ப ரெண்டு வேட்டியா வைக்கிறேன்" என்று மஞ்சள் பையை எடுத்தது. வேட்டி, துண்டு, பொடி மட்டை எல்லாம் வைத்துவிட்டு, "அங்க குடுக்குறதத் தின்னுட்டுப் பேசாம இருங்க. வாயக் குடுக்காதீங்க" என்று புத்தி சொன்னது.

ஆண்டிச்சாமி அறுபத்தெட்டு வருஷத்தில் ஸ்டேஷன் படி மிதித்தவரில்லை. சொத்து என்று அவர் சேர்த்ததில் அதுவும் ஒன்று. கேஸ் என்று ஒன்று ஏறிவிட்டால் சாகிற வரைக்கும் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும். நடக்கிற நாளில் வயலை மயில் பார்த்துக்கொள்ளும்.

வியாழக்கிழமை மஞ்சள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடி ஏறினார்.

"லாக் எங்க பெரியவரே?" வசந்தகுமார் மரியாதையாகத்தான் கேட்டார்.

"அத நீங்கதான் சொல்லணும். ஆவுடையார்கோவிலா, அறந்தாங்கியா?"

"எங்க வச்சிருக்கீங்கன்னு கேக்குறேன்."

"நான் எதுக்கு வைக்கிறேன்? போலீஸ்லதான வச்சிருப்பாங்க."

வசந்தகுமார் எழுதிக்கொண்டார்: 'லாக் காவல் துறையினரிடம் இருப்பதாகக் கூறி விசாரணையைத் திசை திருப்புகிறார்.'

கோபிநாத்துக்குப் பொறுமை போய்விட்டது. "யோவ், பூட்டுய்யா, பூட்டு. பூட்டு வச்சிருக்கியா?"

"வீட்டுல பூட்டுறதுக்கு என்ன கெடக்கு? மோட்டார் ரூம்ல ஒண்ணு தொங்குது" என்றார் ஆண்டிச்சாமி.

அரை மணி நேரத்தில் ஜீப் போய்த் திரும்பியது. கையகல இரும்புப் பூட்டு, கதவில் இருந்து பெயர்த்த கொண்டியோடு மேசைக்கு வந்தது. அதற்கு 'ட்ரோன் லாக் – 1' என்று சீட்டு கட்டினார்கள். சாவி ஆண்டிச்சாமியின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. கேட்டார்கள், அவிழ்த்துக் கொடுத்தார். குழு எழுந்து நின்றது. கோபிநாத் சாவியைப் போட்டுத் திருப்பினார். வசந்தகுமார் குனிந்து உள்ளே பார்த்து எழுதினார்:

'லாக் பகல் 11.40 மணிக்குக் குழுவின் முன்னிலையில் திறந்து பார்க்கப்பட்டது. செத்த எறும்பு ஒன்று நீங்கலாக, உள்ளே விவரம் எதுவும் இல்லை.'

உலகத்தில் எத்தனையோ விமானம் விழுந்திருக்கிறது. எத்தனையோ பெரிய பெரிய தேசத்துக்காரர்கள் மாசக்கணக்கில், வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். நெட்டியவயல் குழு ஒரு பூட்டு, ஒரு சாவியோடு காரியத்தை முடித்தது. குழுவின் முடிவுக்கு எதிராக லாக்கில் எதுவுமே இல்லை என்பது நிரூபணம் ஆகிவிட்டது. மத்தியானம் மூன்று மணிக்கு ஜீப்பில் புகாரும் போகும், ஆண்டிச்சாமியும் போவார் என்று தீர்மானமாயிற்று.

அந்த நேரத்தில்தான் கார்த்திகா படியேறி வந்தாள். லீவு முடியவில்லை. ஆனால் அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் அய்யப்பன் சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை, பஸ்ஸுக்கு முந்தி மணமேல்குடி போய்விட்டது.

மேசையில் இருந்த பூட்டைப் பார்த்தாள். அதில் தொங்கிய சீட்டை வாசித்தாள். சிரிக்கவில்லை. வேலை வேண்டும் அல்லவா.

"சார், லாக்னா பூட்டு இல்ல சார்" என்றாள் மெதுவாக. "பறக்கறப்ப நடக்குறது பூராத்தையும் அது தானே எழுதி வச்சுக்கும். அந்தப் பதிவுக்குப் பேருதான் லாக்."

வசந்தகுமார் பூட்டைப் பார்த்தார், மினிட் புக்கைப் பார்த்தார். "அப்ப இத என்ன பண்றது? நம்பர் போட்டாச்சே" என்றார்.

கார்த்திகா கீழே போய் வானூர்தியின் வயிற்றில் இருந்து நகத்தளவு அட்டை ஒன்றை உருவி வந்து லேப்டாப்பில் செருகினாள். திரையில் பச்சையும் நீலமுமாகக் கோடு ஓடியது. குழு தள்ளி நின்றது. ஆண்டிச்சாமிதான் பையோடு கிட்டப் போய் நின்றார். அவள் அவருக்கே காட்டினாள்.

"இந்தப் பச்சைக் கோடு அதோட ஒடம்பு ஆடுற ஆட்டம்ங்கய்யா. கல்லுப் பட்டிருந்தா நடுவுல விலுக்குன்னு குதிச்சிருக்கும். குதிக்கல பாருங்க. கடைசியில ஒரே ஒரு தடவ குதிக்குது. அது தரையில விழுந்தப்ப."

ஆண்டிச்சாமி உற்றுப் பார்த்தார். "என்னையப் பாத்துச்சா இது?"

"இல்லங்கய்யா. நீங்க இருந்ததே அதுக்குத் தெரியாது."

"அப்பறம் எதுக்கு விழுந்துச்சாம்?"

இதைக் கேட்டவர் குற்றவாளி. காரணம் கண்டறியும் குழு அதுவரைக்கும் இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை.

கார்த்திகா நீலக் கோட்டில் விரலை வைத்தாள். அது திசைகாட்டியின் கோடு. பத்து நாற்பத்தொன்றுக்கு அவள் திசை காட்டியபோது நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கிறது. பத்து ஐம்பத்திரண்டுக்குச் சட்டென்று வளைகிறது. திசைகாட்டி இருப்பது அந்த உச்சிக் கொம்பில். இரும்பு ஏதாவது பக்கத்தில் வந்தால் அதற்கு வடக்கு எது என்று மறந்துபோகும். வடக்கு தெரியாத வானூர்தி, நேராகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு வட்டம் போடும். வட்டம் பெரிசாகும், விழும். அவ்வளவுதான்.

பத்து ஐம்பத்திரண்டுக்கு என்ன நடந்தது? வசந்தகுமார் கடமை தவறாதவர். யோசிக்காமல் தன் போனை எடுத்து விழாப் படங்களைத் தள்ளினார். ஒவ்வொரு படத்திலும் மணி விழுந்திருந்தது. பத்து ஐம்பத்திரண்டில் கோபிநாத் சிரித்த முகமாக நிற்கிறார். கையில் லாடம். படத்தை அவரே மையத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, 'விஞ்ஞானமும் பாரம்பரியமும் கைகோர்த்த தருணம்' என்று எழுதியிருந்தார். நாற்பத்தாறு பேர் கும்பிடு போட்டிருந்தார்கள்.

"இன்னும் இருக்குங்கய்யா" என்று கார்த்திகா குரலைத் தணித்தாள். பத்து ஐம்பத்தேழுக்கு வானூர்தி சொல்லியிருக்கிறது: திசைகாட்டி பழுது, பறக்க வேண்டாம். பதில்: சரி. ஐம்பத்தெட்டுக்கு மறுபடியும்: பறக்க வேண்டாம். பதில்: சரி. மூன்றாவது தடவை: பறந்தால் விழலாம். பதில்: சரி. ஐம்பத்தொன்பதுக்குப் பறந்துவிட்டது. நல்ல நேரம் முடிய ஒரு நிமிஷம் மிச்சம். "கொஞ்சம் இருங்க சார்" என்று சொன்ன கார்த்திகாவின் கையில் இருந்து, வானூர்தியை ஓட்டும் டேப்லெட்டைப் பிடுங்கி, திரையில் வந்த கட்டத்தை எல்லாம் சரி, சரி, சரி என்று தட்டியது யார் என்பதை லாக் எழுதவில்லை. அதற்கு அவ்வளவு மரியாதை தெரிந்திருக்கிறது. ஆனால் களத்தில் நின்ற இருநூறு பேர் பார்த்தார்கள்.

கோபிநாத் பெரிய மனுஷன். உண்மை வெளிவந்ததும் உடனே டீ சொன்னார். இதுவரை 'யோவ்' ஆக இருந்த ஆண்டிச்சாமி 'ஐயா' ஆனார். உட்கார நாற்காலி வந்தது, அதுவும் கை வைத்த நாற்காலி. வசந்தகுமார் தலைவரின் காதில், புகார் போனால் லாக்கும் கூடப் போயாக வேண்டும் சார், கடிதத்தில் இருக்கிறது என்று கிசுகிசுத்தார். மையத்தில் கிசுகிசுப்பது என்றால் கீழே டீக்கடை வரைக்கும் கேட்கும். புகாரே இல்லையென்றால் லாக் எதற்கு? தலைவர் சொல்லச் சொல்ல ஒரு காகிதம் தயாரானது.

"கேஸெல்லாம் வேணாம்னு குழு முடிவு பண்ணிருச்சுங்கய்யா. இங்கிட்டு ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா பையத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிரலாம்."

பேனாவைக் கையில் கொடுத்தார்கள். ஆண்டிச்சாமி காகிதத்தை மேலும் கீழும் பார்த்தார். கார்த்திகா பக்கம் தள்ளினார். "ஆத்தா, நீ வாசி."

அவள் வாசித்தாள். 'நெட்டியவயல் ஆண்டிச்சாமி ஆகிய நான், மேற்படி நாளில் கவணுடன் நின்றிருந்ததால் வானூர்தி பதற்றமடைந்து நிலைகுலைந்தது என்பதை ஒப்புக்கொண்டு வருந்துகிறேன். குழு என்னைப் பெருந்தன்மையுடன் மன்னித்துவிட்டது. இனி வானத்தைப் பார்த்துக் கை ஓங்க மாட்டேன்.' பதற்றமடைந்து என்கிற இடத்தில் மட்டும் அவள் குரல் கொஞ்சம் இடறியது.

ஆண்டிச்சாமி பேனாவை மேசையில் வைத்தார். அந்தப் பூட்டைச் சீட்டோடு எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். "மூணு மணிக்கு ஜீப்பு போகுதுன்னீங்கள்ல. இருக்கேன். புகாரு போகட்டும், அந்தப் பாப்பா காட்டுன கோடும் போகட்டும், நானும் கூடப் போறேன். எனக்கு ரெண்டு வேட்டி இருக்கு" என்றார்.

மூன்று மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. ஜீப் டிரைவர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றேகாலுக்கு வசந்தகுமார் புகாரை எடுத்து நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கவரைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். இனி அது எந்த ஸ்டேஷனுக்கும் போகாது என்று ஆண்டிச்சாமிக்குத் தெரிந்தது. எழுந்து பையைக் கக்கத்தில் இடுக்கினார்.

கோபிநாத் காகிதத்தோடு படி வரைக்கும் வந்தார். அவர் கோப்பை மூட வேண்டும். மூடுவதற்கு ஒரு கையெழுத்து வேண்டும்.

"ஐயா, வெறும் கையெழுத்துதாங்க. இதப் போயி வாசிச்சுக்கிட்டா இருப்பாங்க? சும்மா போட்டுட்டுப் போங்க."

"நான் படிக்காதவன் சார்" என்றார் ஆண்டிச்சாமி, படி இறங்கிக்கொண்டே. "படிக்காமக் கையெழுத்துப் போடணும்னா அதுக்குப் படிச்சிருக்கணும்."